வெற்றிலைக்கு வைத்த பொட்டு

பங்குனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அடித்த காற்றில் எங்கள் கொடிக்காலின் தெற்குப் பக்கத்து அகத்தி மரங்களின் உச்சிகள் முறிந்து விழுந்தன. காற்று கொஞ்ச நேரம்தான் அடித்தது. பின்னாலேயே வந்த மழை முற்றத்தைக்கூட முழுசாக நனைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் வயிறாரச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஊர் எங்களுடையது. தாத்தா காலத்தில் வயலும் தோப்புமாக நிறைய இருந்தது என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது மிஞ்சியிருந்தது அந்த வெற்றிலைக் கொடிக்கால் மட்டும்தான். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பார்த்துவந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கு நேர் வெயில் ஆகாது. அதனால் வரிசையாக அகத்தி வளர்த்து அதன்மேல் கொடியை ஏற்றிக் கட்டுவார்கள். கொடிக்குத் தூணும் அகத்திதான், குடையும் அகத்திதான். உச்சி வெயிலில் நுழைந்தாலும் உள்ளே மங்கலாக, குளுமையாக இருக்கும். செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வயதுக்கு வந்த பெண்கள் உள்ளே போகக் கூடாது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அதனால் அப்பாவுக்குக் காலைக் காப்பி கொண்டுபோகும் உரிமை எங்கள் வீட்டுப் பெண்களில் எனக்கு மட்டும் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காற்று அடித்த மறுநாள் காலையில் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, நிழல் போனாலும் கொடி அடிமரத்தில் அப்படியே நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார். மத்தியானம் சித்தப்பா மூச்சிரைக்க வந்தார். தெற்குப் பக்கத்து இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது என்றார். அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் கொடிக்காலில் வாடல் நோய் விழுந்திருக்கிறது. முதலில் இலை வெளிறுமாம். அப்புறம் தொங்குமாம். அதற்கப்புறம் தண்டு தரையோடு அழுகிப்போகுமாம். அப்பா நாளைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். நோய் வாய்க்கால் தண்ணீரோடு போய் அடுத்த கொடிக்காலையும் அதற்கடுத்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை.

சித்தப்பா வந்து சொன்ன அன்று அப்பா கொடிக்காலுக்குப் போய் நாலைந்து இலைகளைக் கிள்ளித் துண்டில் முடிந்து எடுத்து வந்தார். வழியில் யார் யாரிடமோ நின்று பேசியதில் வீடு வந்துசேர நேரமாகிவிட்டது. அம்மாவிடம் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்.

“பச்சையாத்தான இருக்கு,” என்றாள் அம்மா.

அப்பா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அங்கன வெளுத்துல்லா இருந்துச்சு.”

“இதயா பச்சைங்கிய? எண்ணெ தடவுன மாதிரி மின்னுமே நம்ம வெத்தல, இது மின்னுதா?” என்றார் சித்தப்பா. அப்பா இலைகளை மறுபடி முடிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று மதினி பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணனுக்குப் பம்பாயில் வேலை. வீடு பிடித்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று, மறுவீடு போய் வந்த கையோடு ரயில் ஏறிவிட்டான். மதினி பாளையங்கோட்டைக்காரி. அங்கே காலேஜில் தாவரவியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்பட்டது. கல்யாணத்துக்குப் பிறகு, ரசத்தில் புளி கூடிப்போகிற நாட்களில் நினைவுபடுத்தப்பட்டது.

அன்று சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சித்தப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார். “கல்யாணம் முடிஞ்ச மறுநா போட்டா பிடிக்கணும்னு புதுப்பொண்ணு கொடிக்காலுக்குள்ள போயி நின்னுச்சுல்லா. அப்பமே எனக்கு மனசு சரியில்ல.”

போட்டோ பிடித்தது அண்ணன். உள்ளே போய் நில் என்று சொன்னதும் அண்ணன்தான். அம்மா அதைச் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா எச்சில் இலையை மடித்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் விளக்கேற்ற மதினி கைகால் கழுவிவிட்டு வந்தபோது, “இருக்கட்டும், நான் ஏத்திக்கிடுதேன்,” என்று மட்டும் அம்மா சொன்னாள். மதினி தீப்பெட்டியை விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் ஒரே கதைதான். விடிந்ததும் அப்பா போய்ப் பார்ப்பார், இலை நன்றாக இருக்கும். முகம் தெளிந்து வீட்டுக்கு வருவார். மத்தியானம் போவார், வெளுத்திருக்கும். எனக்குப் பகலில் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுகூட அப்பாவின் முகம் நினைவுக்கு வந்துவிடும். வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து நின்றால் பாதியில் மறந்துவிடும்.

எங்களுக்குக் கீழ்ப்பக்கத்துக் கொடிக்கால்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். நல்ல மனுஷர். போன தடவை எங்களால் மொத்தத்தையும் இழந்தவர். அவர் புதன்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“உம்மேல எனக்குக் கோவம் இல்ல வே. வெள்ளிக்கிழம வாய்க்கால்ல மொறத்தண்ணி வருது. உம்ம கொடிக்கால் வழியாத்தான் அது எனக்கு வரணும். அதுக்குள்ள தெக்குப் பக்கத்தப் பிடுங்கித் தீ வச்சிரும்.”

“காலையில பாத்தா நல்லாத்தான் வே இருக்கு,” என்றார் அப்பா.

“போன தடவையும் நீரு இதத்தான் சொன்னீரு.”

அப்பா வெள்ளிக்கிழமை காலையில் பிடுங்கிவிடுவதாகச் சம்மதித்தார். தெற்குப் பக்கம் என்பது கொடிக்காலில் பாதி. அது போனால் மிச்சப் பாதிக்கும் வெயில் ஏறும் என்று அம்மாவிடம் அப்பா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

சாயங்காலம் கிணற்றடியில் மதினி எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு சடை பின்னியதும் கை நின்றுவிட்டது.

“காலையில நல்லா இருக்குன்னு மாமா சொன்னாவள்லா. நீ காப்பி கொண்டு போகும்போது பாத்தியா?”

“தெனமும் பாக்கேன். நல்லாத்தான் இருக்கு.”

“தெக்குப் பக்கம் மட்டுந்தான வெளுக்குது? மரம் நிக்கிற பக்கத்துல?”

“அங்கன ஒண்ணும் இல்ல.”

அவள் என்னைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாம குட்டி குட்டி அறையா இருக்கும். ஒவ்வொரு அறைக்குள்ளயும் பச்சையா மணி மணியாக் கெடக்கும். பசுங்கணிகம்னு பேரு. அதாலதான் இலைக்குப் பச்சை நிறம். காலேஜில மைக்ராஸ்கோப்புல வச்சுக் காட்டுனாவ. வெளிச்சம் கொறைச்சலா இருந்தா அதெல்லாம் முன்னால வந்து விரிஞ்சு நிக்கும். வெயில் சுள்ளுன்னு அடிச்சா பைய நகந்து சுவரோரமா ஒதுங்கிரும். ஒண்ணு மறவுல ஒண்ணு ஒளிஞ்சுக்கிடும். அப்பம் பாத்தா இலை வெளுத்த மாதிரி இருக்கும். வெயில் தாந்ததும் திரும்ப வந்து நின்னுக்கிடும்.”

“அப்பம் நோய் இல்லையா?”

“இல்லன்னுதான் நெனைக்கேன்.”

அவள் இல்லை என்று முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நினைக்கேன் என்று சொன்னது பயமாக இருந்தது. நீங்களே அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். மதினி அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “நான் சொன்னா எடுபடாது. கண்ணால பாத்தாத்தான் நம்புவாவ,” என்றாள்.

உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு வண்ணார்பேட்டையில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு, அரக்குச் சிவப்பில் பெரியது. நாளைக்குக் காலையில் வெயில் ஏறும் முன்னால் தெற்குப் பக்கத்தில் சில இலைகள்மேல் இதை ஒட்டிவிட்டு வர வேண்டும். பொட்டுக்கு அடியில் வெயில் படாது. நோயாக இருந்தால் மத்தியானம் அந்த இடமும் சேர்ந்தேதான் வெளுத்திருக்கும். நோயில்லை என்றால் பொட்டுக்கு அடியில் மட்டும் பச்சை அப்படியே நிற்கும். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் ஓடிப்போய் உரித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அப்புறம் மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டலாம். இதுதான் ஏற்பாடு. யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகவே யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் காப்பித் தூக்கோடு போனேன். அட்டை பாவாடை இடுப்பில் செருகியிருந்தது. அப்பா வடக்குப் பக்கம் கொடி கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பாதியைப் பிடுங்கப்போகிற கொடிக்காலில் அவர் ஏன் கொடி கட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. காப்பியை ஆற்றி வைத்துவிட்டுத் தெற்கே வந்து, எட்டிய இலைகளில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். இலையில் பனி இருந்தது. பாவாடையால் துடைத்துத் துடைத்து ஒட்ட வேண்டியிருந்தது. செய்யக் கூடாத இடத்தில் செய்யக் கூடாத காரியத்தைச் செய்கிறேன் என்று தோன்றியது. சாமிக்கும் பொட்டு வைக்கத்தானே செய்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று தெரியாது. ஜன்னல் வழியாக வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மணி அடித்ததும் தட்டைப் பையில் போட்டபடி ஓடினேன்.

வரப்பில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே சித்தப்பாவும் அண்ணாச்சியும் இன்னும் ஓரிரண்டு பேரும் நின்றார்கள். மறுநாள் பிடுங்க வேண்டியதை அளவு பார்க்க வந்திருந்தார்கள். சித்தப்பா ஓர் இலைக்கு முன்னால் குனிந்து நின்றார். அவர் விரல் பொட்டுக்கு நேராக நீண்டிருந்தது, தொடவில்லை.

“செய்வின வச்சுருக்கான் வே. பாருங்க, அந்தா அங்கனயும் இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். அண்ணாச்சி மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “செய்வினக்காரன் ஸ்டிக்கர் பொட்டா வே வைப்பான்?”

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா நிமிர்ந்தார். ஏதோ பிடிபட்டவர்போல அவர் முகம் மாறியது. வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “இந்தக் கலருல பொட்டு வைக்கிறது நம்ம வீட்டுல ஒரே ஆளுதான். உள்ள வந்து போயிருக்கா. ஒரு தடவ வந்தது போதாதுன்னு மறுபடியும் வந்துருக்கா.”

நான் ஓர் அகத்திக்குப் பின்னால் நின்றேன். இப்போது எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், மதினியைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்துவார்கள், அம்மா அப்போதும் எதுவும் பேசாமல் பின்கட்டுக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

“மதினி வரல்ல. நான்தான் ஒட்டுனேன்,” என்றேன்.

சித்தப்பா என் தோளைப் பிடித்தார். அப்பா அவர் கையை விலக்கிவிட்டார். “எதுக்குட்டி ஒட்டுன?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி சொன்னதை அழுதுகொண்டே சொன்னேன். அறை என்றேன், மணி என்றேன், வெயில் அடித்தால் சுவரோரமாக ஒதுங்கும் என்றேன். பசுங்கணிகம் என்ற சொல் வாயில் வரவில்லை. “பொட்டுக்கு அடியில ஒதுங்காதாம்,” என்று முடித்தேன்.

“என்னது ஒதுங்காது?” என்றார் சித்தப்பா.

“பச்சை.”

அப்பா அந்த இலையின் காம்பை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு பொட்டை மெல்ல உரித்தார். வெளிறிக் கிடந்த இலையின் நடுவில், அச்சு வைத்ததுபோல, கரும்பச்சையாக ஒரு வட்டம் இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி பக்கத்தில் வந்து குனிந்தார். “பொட்டுச் சாயம் எறங்கியிருக்கும்,” என்றார் சித்தப்பா. அரக்குச் சிவப்புப் பொட்டில் பச்சைச் சாயம் எப்படி இறங்கும் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, வெளுத்துக் கிடந்த வேறொரு கொடியின் இலைகள்மேல் போர்த்தினார். வரப்பில் உட்கார்ந்தார். “எல்லாரும் கொஞ்சம் இருங்க,” என்றார்.

அப்படி ஒரு காத்திருப்பை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. அண்ணாச்சி பீடியைப் பற்றவைக்கப்போய், இடம் ஞாபகம் வந்து காதில் செருகிக்கொண்டார். நான் பொட்டு உரித்த இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்களுக்குச் சாட்சி என்று இருந்தது அந்தப் பச்சை வட்டம்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதன் ஓரம் கலங்கியது. பிறகு வட்டம் முழுவதுமே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது.

“அந்தா, அதுவும் வெளுத்துப்போச்சு. படிச்ச பிள்ள பேச்சக் கேட்டு உக்காந்துருக்கோம்,” என்றார் சித்தப்பா.

மதினி நினைக்கேன் என்று சொன்னது காதில் கேட்டது. அவள் தப்பாக நினைத்துவிட்டாள், எல்லாம் முடிந்தது என்றே நம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மத்தியான வகுப்புக்கு மணி அடித்தது கேட்டது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அப்பா சூரியனையும் மங்கிப்போன வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் துண்டைத் தூக்கினார்.

துண்டுக்கு அடியில் இருந்த இலைகள் காலையில் நான் பார்த்த நிறத்தில் இருந்தன. பக்கத்துக் கொடியின் இலைகள் வெளுத்துக் கிடந்தன. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே கொடிக்கால் இலை என்று சொல்ல முடியாது.

பொட்டை உரித்ததும் வட்டத்திலும் வெயில் பட்டு அந்தப் பச்சையும் ஒதுங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். “கண்கட்டு வித்த மாதிரில்லா இருக்கு வே.” பிறகு, “வெள்ளிக்கிழம தண்ணி வரட்டும். தெக்குப் பாத்திக்கு மட்டும் மடைய அடைச்சு வையும். அடுத்த மொறைக்குள்ள தெரிஞ்சுபோகும்,” என்றார். அப்பா மிச்சப் பொட்டுகளைத் தானே ஒவ்வொன்றாக உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பயம் தீரவில்லை. அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நடையைத் தாண்டி நேராக அடுக்களை வாசலில் போய் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மதினியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எது வேண்டுமானாலும் அம்மாவிடம் சொல்லி, அம்மா அவளிடம் சொல்வாள். மதினி அரிவாள்மணையை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா பால் சட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

“ஏம்மா,” என்றார் அப்பா. “தென்னங்கீத்து வேஞ்சா போதுமா?”

“போதும் மாமா. ஆனா இன்னைக்கே வேயணும். ரொம்ப நாள் இந்த வெயில்ல நின்னா ஒதுங்கி ஒதுங்கியும் தாங்காது. நெசமாவே வெந்துபோகும்,” என்றாள் மதினி.

அப்பா தலையை ஆட்டினார். சட்டைப் பையில் கைவிட்டுப் பொட்டுகளை எடுத்து, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே கீற்று வேய்ந்தார்கள். சித்தப்பாவும் கூட நின்று வேய்ந்தார். ஓரத்தில் சில கொடிகள் கருகித்தான் போயின. மற்றதெல்லாம் பிழைத்தது. சித்தப்பா அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். அம்மன்தான் கொடிக்காலைக் காப்பாற்றினாள் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மதினி அறையில் இருந்தாள். கட்டிலில் அவளுடைய பெட்டி திறந்து கிடந்தது. சேலைகள், பாவாடைகள், சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடிவரை எல்லாம் அதில் நெருக்கி அடுக்கியிருந்தது. மதினி ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் கூட நின்று எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா ஏதோ கேட்க வந்தாள். வாசலிலேயே நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. உள்ளே வந்து என் கையிலிருந்த சேலைகளை வாங்கித் தானே அலமாரியில் அடுக்கினாள். பெட்டி காலியானதும் அதை மூடிக் கட்டிலுக்கு அடியில் நன்றாகத் தள்ளி வைத்தாள். “வெளக்கேத்த நேரமாச்சு, போ,” என்று மதினியிடம் சொன்னாள். மதினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனாள்.

ஊருக்குப் போய்விட்டு வந்தால் பெட்டியிலிருந்து துணிகளை இப்படித்தான் எடுத்து அடுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுவீட்டுக்குப் பிறகு மதினி எந்த ஊருக்கும் போய் வரவில்லை என்பதும், அது போவதற்காக அடுக்கிய பெட்டி என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை.